காணிக்காரனும் பொதுத் தேவையும்

பழைய ஏற்பாட்டிலே நாபோத்து என்னும் ஒருவனுடைய கதை உண்டு. இசுரவேல் மன்னனாகிய ஆகாபுவின் அரண்மனைக்கு அடுத்தாற்போல் நாபோத்துக்கு ஒரு திராட்சைத் தோட்டம் இருந்தது. மன்னன் அதனைக் கேட்டான். இலவசமாகக் கேட்கவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். அதனிலும் சிறந்த வேறொரு தோட்டம் தருகிறேன், அன்றேல் அதன் விலையைப் பணமாகவே தருகிறேன் என்றான். அது தன் முன்னோர் விட்டுச் சென்ற முதுசம், கொடுப்பதற்கில்லை என்று நாபோத்து மறுத்துவிட்டான். மன்னன் உணவும் கொள்ளாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டான். அதன்மேல் அரசி யேசபேல் பொய்ச்சாட்சிகள் இருவரை ஏற்படுத்தினாள். நாபோத்து கல்லெறிந்து கொல்லப்பட்டான். தோட்டம் மன்னன் கைக்கு வந்தது.

காணிச் சட்டத்தின் வரலாற்றைப் பேசப் புகுவோர்க்கு இக்கதையைப் போன்ற தொடக்கம் வேறொன்றில்லை. ஆகாபு சொன்ன விலையிலே குறை இல்லை. இன்றைய சட்டங்கள் சந்தை விலைதான் தருகின்றன. அவனோ அதற்கு மேலும் தருவதாகச் சொன்னான். குற்றம் வேறிடத்தில் இருக்கிறது. அவன் அத்தோட்டத்தைக் கேட்டது கீரைத் தோட்டம் போடுவதற்கு. ஊருக்கு ஒரு குளமோ வீதியோ அமைப்பதற்கன்று. அன்றியும், நாபோத்தின் மறுப்பைக் காதுகொடுத்துக் கேட்பதற்கு நேர்மையான மன்றம் எதுவும் இருக்கவில்லை. இருந்த மன்றம் பொய்ச்சாட்சிக்காகக் கூட்டப்பட்டது. விலையைப் பற்றியே பேசிப் பழகிய நாம், எதற்காக எடுக்கிறீர்கள் என்ற கேள்வியையும், என் சொல்லை யார் கேட்பார் என்ற கேள்வியையும் சில வேளைகளில் மறந்துவிடுகிறோம். இலங்கையிலே காணி உடையவனின் உரிமை வளர்ந்ததும் தேய்ந்ததும் இவ்விரு கேள்விகளைச் சுற்றியே என்பது என் கருத்து.

குடிமகனின் காணியை அவன் விருப்பமின்றியே எடுத்துக்கொள்வதற்கு அரசுக்கு உள்ள அதிகாரத்தை மேலுரிமை என்று சொல்லலாம். இக்கருத்துக்கு இலத்தீன் மொழியிலே பெயரிட்டவர் ஒல்லாந்து தேசத்துச் சட்ட அறிஞராகிய ஊகோ குரோட்டியஸ். அரசியற் பிணக்கிலே அகப்பட்டு ஆயுட் சிறைத் தண்டனை பெற்று, 1619ஆம் ஆண்டிலே இலூவெஸ்டைன் என்னும் கோட்டையில் அடைக்கப்பட்டவர் அவர். சிறையிலிருந்தபடியே ஒல்லாந்துச் சட்டத்துக்கு ஓர் அறிமுக நூல் எழுதினார். அவருக்குப் படிப்பதற்குப் புத்தகங்கள் ஒரு பெட்டியில் வந்து போய்க்கொண்டிருந்தன. 1621ஆம் ஆண்டிலே, புத்தகங்களுக்குப் பதிலாக அப்பெட்டிக்குள் அவரையே படுக்கவைத்து வெளியே அனுப்பிவிட்டார் அவருடைய மனைவியார். அவ்வாறு தப்பிப் பாரிசுக்குச் சென்ற குரோட்டியஸ், 1625ஆம் ஆண்டில் போரும் சமாதானமும் பற்றிய தமது பெருநூலை வெளியிட்டார். பொது நன்மையின் பொருட்டு அரசு குடிகளின் சொத்தை எடுக்கலாம், ஆயின் இழந்தவனுக்குப் பொதுப் பணத்திலிருந்து ஈடு செய்தல் வேண்டும் என்ற கொள்கையை அந்நூலிலே அவர் வகுத்துரைத்தார்.

குரோட்டியஸ் நமக்கு அந்நியர் அல்லர். அவர் எழுதிய உரோம ஒல்லாந்துச் சட்டமே இந்நாட்டின் பொதுச் சட்டம். கரையோர மாகாணங்களை ஆங்கிலேயர் கைப்பற்றிய பின்னர், 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தின் மூலம் ஒல்லாந்தர் காலத்துச் சட்டத்தையே தொடர்ந்து நிலவவிட்டனர். அதற்கு முன் ஒல்லாந்தர், தோம்பு என்னும் பதிவேடுகளில் காணிகளையும் அவற்றின் சொந்தக்காரரையும் எழுதி வைத்திருந்தனர். வரி வாங்குவதற்காகவே அவர்கள் அவ்வாறு எழுதினர் என்பது உண்மை. ஆயினும் தோம்பிலே பெயர் ஏறியவன், பின்னொரு நாள் இது என்னுடையது என்று சொல்வதற்கு ஒரு பிடிமானம் பெற்றான். எழுத்து இல்லாதவனுக்கு என்ன நேர்ந்தது என்பதைக் கண்டி நாடு நமக்குக் காட்டுகிறது.

மலைநாட்டில் கோப்பிப் பயிர் பரவத் தொடங்கிய காலம் அது. தோட்டம் போட நிலம் வேண்டும். காடும் சேனையும் யாருக்கு உரியவை என்பது தெளிவாக இருக்கவில்லை. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இதற்கு ஒரே வரியில் விடை கூறிற்று. காடு, தரிசு, குடியில்லாத நிலம், பயிரிடப்படாத நிலம் யாவும் முடிக்குரியவை என்று கொள்ளப்படும். அன்று எனச் சொல்பவன் அதனை நிறுவுதல் வேண்டும். கண்டி மாகாணங்களிலே சேனை நிலத்துக்கு இவ்விதி இன்னும் கடுமையாயிற்று. மன்னர் கொடுத்த சன்னஸ் பட்டயமோ, வழக்கமான வரி செலுத்தியதற்குச் சான்றோ காட்டினாலன்றிச் சேனைக்கு உரிமை இல்லை.

சேனை என்பது ஒரு முறை வெட்டிச் சுட்டுப் பயிரிட்டுப் பின்னர் பல ஆண்டுகள் காடாக விட்டுவைக்கும் நிலம். தரிசாகக் கிடப்பதே அதன் இயல்பு. அதற்கு உறுதி எழுதிப் பதிந்துவைக்கும் வழக்கம் கிராமத்தவனிடம் இல்லை. பாட்டன் வெட்டினான், தகப்பன் வெட்டினான், இன்ன மரம் தொடக்கம் இன்ன ஓடை வரை எங்கள் பங்கு என்று ஊர் அறியும், கச்சேரி அறியாது. இச்சட்டம் அவனுடைய காணியை எடுப்பதாக எங்கும் சொல்லவில்லை. ஆதலால் நட்டஈடு என்ற பேச்சே எழவில்லை. நிறுவும் பொறுப்பு யார் தலையில் என்பதை மாத்திரம் மாற்றி வைத்தது. காணி எடுத்த வரலாற்றிலே இதனிலும் சிக்கனமான முறை வேறு உண்டோ என்பது எனக்கு ஐயம். முடிக்குரியது எனப்பட்ட நிலம் ஏக்கர் 5 சிலிங் வீதம் விற்கப்பட்டது. 1844ஆம் ஆண்டில் ஆரம்ப விலை 20 சிலிங்காக உயர்த்தப்பட்டது. வாங்கியவருள் ஆளுநரும் இருந்தார், உயர் உத்தியோகத்தரும் இருந்தனர். சட்டம் செய்தோரும் அதனை நடத்தியோரும் அதனால் நிலம் பெற்றோரும் பல வேளைகளில் ஒருவராகவே இருந்தனர்.

1897ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், அதாவது தரிசு நிலச் சட்டம், இம்முறைக்கு ஒரு நடைமுறையை வகுத்தது. இன்ன நிலத்துக்கு உரிமை கோருவோர் உளராயின் 3 மாதத்துக்குள் வருக என்று அறிவித்தல் இடப்படும். ஒருவரும் வராவிடின் நிலம் முடியைச் சேரும். அறிவித்தல் என்ற ஒன்று வந்தது முன்னேற்றமே. ஆயினும் அந்நாளிலே வர்த்தமானிப் பத்திரிகையை யார் படித்தார்? எழுதப் படிக்கத் தெரியாத ஒருவனுக்கு எழுத்து மூலம் சொல்லிவிட்டு, நீ பேசாதிருந்தாய், ஆகையால் இழந்தாய் என்று கூறுவது சட்டத்துக்குப் பொருந்தலாம். இச்சட்டம் 1931ஆம் ஆண்டுக் காணித் தீர்வுக் கட்டளைச் சட்டம் வரும்வரை நின்றது.

இதற்கிடையில், எழுத்து உடையவனின் காணிக்கு வேறொரு பாதை வகுக்கப்பட்டிருந்தது. கொழும்பிலிருந்து கண்டிக்கு 1867ஆம் ஆண்டிலே புகையிரதம் சென்றுவிட்டது. பாதைக்கும் பாலத்துக்கும் துறைமுகத்துக்கும் தனியார் காணி தேவைப்பட்டது. இந்தியாவிலோ வங்காளத்தில் 1824ஆம் ஆண்டு முதலே இதற்கென ஒழுங்குவிதி இருந்தது. இங்கே 1876ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கக் காணி எடுத்தற் கட்டளைச் சட்டம் நெடுங்காலம் வழங்கி வந்தது. உறுதி உள்ள காணிக்கு விலை உண்டு. விலையிலே பிணக்கு எழுந்தால் நீதிமன்றம் உண்டு. ஒரே அரசு, ஒரே நூற்றாண்டு. தோட்டத்துரையின் பங்களா வளவுக்கும் கிராமத்தவனின் சேனைக்கும் இடையே இருந்த வேறுபாடு ஒரு துண்டுக் காகிதம்.

நாடு சுதந்திரம் பெற்றபின் வந்தது 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டம். பல திருத்தங்களைக் கண்டபோதிலும் இந்நாட்டிலே காணி எடுப்பதற்கு அடிப்படையாக நிற்பது இச்சட்டமே. இதன் நடைமுறையைச் சற்று விரித்துச் சொல்வது பயனுடையது. ஏனெனில் தமது காணியிலே அறிவித்தல் ஒட்டப்பட்ட நாளிலேதான் பலர் இதனை முதன்முறை கேள்விப்படுகின்றனர்.

சுன்னாகத்திலே கந்தையா என்ற ஒருவருக்கு 8 பரப்புக் காணி உண்டென்று வைத்துக்கொள்வோம். 16 பரப்பு ஓர் ஏக்கர் ஆகையால் இது அரை ஏக்கர். அதிலே கல்வீடும் கிணறும் பத்துப் பன்னிரண்டு தென்னையும் உள்ளன. அரசாங்கத்துக்கு அவ்வயலிலே ஒரு பொதுத் தேவைக்குக் காணி வேண்டும் என்று அமைச்சர் கருதினால், 2ஆம் பிரிவின்படி அப்பகுதியில் ஓர் அறிவித்தல் இடப்படும். சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழியிலும் அஃது இருத்தல் வேண்டும். அதன்பின் உத்தியோகத்தர் காணிக்குள் வரலாம், அளக்கலாம், மண்ணைத் துளைத்துப் பார்க்கலாம். இது காணியை எடுத்தல் அன்று. பொருத்தமா என்று பார்த்தல் மாத்திரமே. அதனால் பயிருக்குச் சேதம் வந்தால் அதற்கும் ஈடு உண்டு.

காணி பொருத்தமானது என்று கண்டால் 4ஆம் பிரிவின் அறிவித்தல் வரும். இங்கேதான் கந்தையாவின் வாய் திறக்கிறது. ஆட்சேபம் உண்டாயின் எழுத்திலே அறிவிக்கலாம். அதற்கு 14 நாளுக்குக் குறையாத தவணை கொடுக்கப்படும். ஆட்சேபித்தவரை அழைத்து அவர் சொல்வதைக் கேட்ட பின்னரே அமைச்சர் முடிவு செய்தல் வேண்டும். முடிவு எடுப்பது என்றாயின் 5ஆம் பிரிவின்படி ஒரு பிரகடனம் வர்த்தமானியில் வெளியாகும். இக்காணி பொதுத் தேவைக்கு வேண்டியது என்று அப்பிரகடனம் சொல்லும். பின்னர் உரித்துக் கோருவோரை அழைத்து விசாரணை. இது என் பங்கு, இது என் தங்கைக்குச் சீதனமாய் எழுதியது, இக்கிணற்றிலே அயலவருக்கும் பங்குண்டு என்பன போன்ற கதைகளெல்லாம் அவ்விசாரணையிலே வரும். இறுதியில் நட்டஈடு தீர்க்கப்படும். விற்க விரும்பும் ஒருவன் பகிரங்கச் சந்தையில் விற்றால் என்ன விலை பெறுவானோ அதுவே அளவு. குறைவென்று எண்ணினால் மீளாய்வுச் சபைக்கு முறையிடலாம். சட்டப் பிரச்சினையாயின் அதற்கு மேலும் நீதிமன்றத்துக்குப் போகலாம்.

விற்க விரும்பும் ஒருவன் என்ற அச்சொல்லைக் கவனியுங்கள். கந்தையா விற்க விரும்பவில்லை. விரும்பியிருந்தால் இச்சட்டமே வேண்டியதில்லை. விரும்பாத ஒருவனுக்கு, விரும்பியவன் பெறக்கூடிய விலையை அளந்து கொடுக்கிறோம். இந்தியாவின் 1894ஆம் ஆண்டுச் சட்டம் இக்குறையை உணர்ந்து, சந்தை விலைக்கு மேல் நூற்றுக்கு 15 வீதம் மனநோவுக்கென்று கூட்டிக் கொடுத்தது. 1984இல் அது 30 வீதமாயிற்று. 2013ஆம் ஆண்டுப் புதிய சட்டத்திலே 100 வீதமாயிற்று. அப்புதிய சட்டம் இன்னொன்றும் செய்தது. தனியார் கம்பெனிக்காகக் காணி எடுப்பதாயின், காணி இழக்கும் குடும்பங்களிலே 100க்கு 80 பங்கினரின் சம்மதம் வேண்டும் என்றது.

இனி நமது சட்டத்திலுள்ள இரண்டு கதவுகளைப் பார்ப்போம். ஒன்று அடைத்த கதவு. 5ஆம் பிரிவின் பிரகடனம், காணி பொதுத் தேவைக்கு வேண்டியது என்பதற்கு முடிவான சான்றாகும் என்று சட்டம் சொல்கிறது. அப்படியானால், ஐயா, இது பொதுத் தேவையே அன்று, என் அயலவனுக்காகச் செய்கிறீர்கள் என்று கந்தையா நீதிமன்றத்திலே சொன்னால் என்ன ஆகும்? 1963ஆம் ஆண்டிலே ஒரு வழக்கில் உயர் நீதிமன்றம் விடை சொல்லிற்று. காணியை எடுப்பதா இல்லையா என்பது கொள்கை பற்றிய விடயம். அமைச்சரின் முடிவு பிழையாயினும் பிரகடனம் வந்தபின் நீதிமன்றம் அதனை ஆராய்வதற்கில்லை என்பதே அதன் கருத்து. நாபோத்தின் கேள்விக்கு அன்று கதவு சாத்தப்பட்டது.

மற்றது மிக அகலமாகத் திறந்த கதவு. 38ஆம் பிரிவிலே ஒரு காப்பு வாசகம் உண்டு. அவசரம் என்று அமைச்சர் கருதினால், விசாரணையும் விலையும் முடியுமுன்னரே, முதல் அறிவித்தல் இட்ட பின்னர் எந்நேரத்திலும் காணியை உடனே கையேற்கக் கட்டளையிடலாம். வெள்ளம் வந்து அணை உடையும்போது விசாரணைக்கு நாட்குறிக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் விதிவிலக்காக வைத்ததே நடைமுறையில் விதியைப் போலப் பயன்படத் தொடங்கியது. காணியை அவசரமாகக் கையேற்பார்கள். நட்டஈடு ஆறுதலாக வரும். 1970களின் இறுதியிலே உயர் நீதிமன்றம், அவசரம் உண்மையிலே இருந்ததா என்பதை நீதிமன்றம் ஆராயலாம் என்று கூறிற்று. அடைத்த கதவிலே விழுந்த முதற் கீறல் இதுவெனலாம்.

காணியை எடுக்காமலே அதன் பயனை எடுத்துவிடும் வகையும் உண்டு. 1915ஆம் ஆண்டு வீடமைப்பு நகரத் திருத்தக் கட்டளைச் சட்டத்தின் பின்னர், நகரத்திலே சொந்தக் காணியிலும் நினைத்தபடி கட்டிடம் எழுப்ப முடியாது. 1921இலே பற்றிக் கெடிஸ் என்னும் அறிஞர் கொழும்புக்கு ஒரு திட்டம் வரைந்தார். 1946இலே நகர, நாட்டுத் திட்டமிடற் கட்டளைச் சட்டமும், 1978இலே நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டமும் வந்தன. 1972ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தச் சட்டம் ஒருவர் வைத்திருக்கத்தக்க காணிக்கு 50 ஏக்கர் என்றும், நெற்காணிக்கு 25 ஏக்கர் என்றும் எல்லை வகுத்தது. அடுத்த ஆண்டிலே வீட்டுக்கும் எல்லை வந்தது. இவற்றின் நன்மை தீமை வேறொரு பேச்சுக்குரியது. காணியின் மேல் அரசுக்கு உள்ள கை எவ்வளவு நீளமானது என்பதைக் காட்டவே இங்கே குறிப்பிட்டேன். 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பிலும் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பிலும் சொத்துரிமை ஓர் அடிப்படை உரிமையாக வைக்கப்படவில்லை என்பதையும் இதனோடு சேர்த்து எண்ண வேண்டும். இந்தியா தனது 1950ஆம் ஆண்டு அரசியலமைப்பில் அதனை வைத்து, 1978ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் அடிப்படை உரிமைகளிலிருந்து நீக்கிற்று, நாம் வைக்கவேயில்லை.

ஆகவே இலங்கையில் காணிக்காரனுக்கு வந்த பாதுகாப்பு, சொத்துரிமை என்ற முன்வாசல் வழியாக வரவில்லை. பக்கவாசல் வழியாக வந்தது.

1979ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் 39அ என்ற ஒரு சிறு பிரிவைச் சேர்த்தது. கையேற்ற காணியையும் உடையவருக்குத் திருப்பிக் கொடுக்கலாம் என்றது அப்பிரிவு. நிபந்தனைகள் உண்டு. நட்டஈடு கொடுபட்டிருத்தல் ஆகாது. எடுத்த தேவைக்குக் காணி பயன்பட்டிருத்தல் ஆகாது. அரசு அதிலே அபிவிருத்தி எதுவும் செய்திருத்தல் ஆகாது. உடையவர் மீளப் பெற எழுத்திலே சம்மதித்தல் வேண்டும். திருப்பிக் கொடுக்கலாம் என்பதுதான் வாசகம். கொடுக்க வேண்டும் என்பது அன்று. அமைச்சரின் கருணையாகவே இது எண்ணப்பட்டது.

1993ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கையிலே டி சில்வா எதிர் அத்துக்கோறளை என்ற வழக்கு இடம்பெறுகிறது. அதிலே நீதியரசர் மார்க் பெர்னாண்டோ அவர்கள் எழுதிய தீர்ப்பு அக்கருணையைக் கடமையாக மாற்றிற்று. அரசு மேலுரிமையினால் காணியை எடுப்பது பொது நன்மைக்காக. தனிப்பட்ட இலாபத்துக்கோ பழிவாங்கலுக்கோ அன்று. அந்நன்மை என்ற அம்சம் இடையிலே மறைந்துபோனால் எடுத்தலும் அத்துடன் நிற்க வேண்டும். திருப்பிக் கொடுக்கும் அதிகாரம் அமைச்சரிடம் பொதுமக்களின் நம்பிக்கைப் பொறுப்பாக வைக்கப்பட்டது. விரும்பினால் செய்வேன், விரும்பாவிடின் விடுவேன் என்று அவர் சொல்வதற்கில்லை. தீர்ப்பின் சாரம் இது. 1963இல் சாத்திய கதவை அத்தீர்ப்பு உடைக்கவில்லை. வீட்டைச் சுற்றி வந்து மறுபக்கத்தால் நுழைந்தது. எடுக்கும்போது கேட்க முடியாத கேள்வியை, எடுத்த பின்னர் கேட்கலாம் என்றாயிற்று.

இதன் அருமை பிறநாட்டு நிகழ்ச்சி ஒன்றோடு ஒப்பிடும்போது விளங்கும். அமெரிக்க அரசியலமைப்பிலே 1791ஆம் ஆண்டு முதல் சொத்துக்குக் காப்பு எழுதப்பட்டிருக்கிறது. பொது உபயோகத்துக்காக, நியாயமான ஈடு கொடுத்தே எடுக்கலாம். அந்நாட்டின் நியூ லண்டன் என்னும் சிறு நகரத்திலே, தனியார் முதலீட்டினால் தொழிலும் வரியும் பெருகும் என்று கூறி நகரசபை ஒரு குடியிருப்பை எடுத்தது. ஒரு பெண்மணியும் அயலவர் சிலரும் மறுத்து வழக்காடினர். 2005ஆம் ஆண்டிலே அமெரிக்க உயர் நீதிமன்றம் 5க்கு 4 என்ற எண்ணிக்கையில் நகரசபைக்கே தீர்ப்பு வழங்கிற்று; பொருளாதார அபிவிருத்தியும் பொது உபயோகமே என்றது. அப்பெண்மணியின் இளஞ்சிவப்பு நிற வீடு கழற்றப்பட்டு வேறிடத்திலே மீண்டும் கட்டப்பட்டது. திட்டமோ நிறைவேறவில்லை, வீடுகள் நின்ற நிலம் பல ஆண்டுகள் வெறும் பற்றையாய்க் கிடந்தது. நம் நாட்டிலே நடந்திருந்தால், 39அ பிரிவின் நிபந்தனைகள் பொருந்துமிடத்து, திருப்பித் தா என்று கேட்டிருக்கலாம். எழுதிய உரிமை உள்ள நாட்டில் கிடைக்காதது, எழுதாத நாட்டில் கிடைக்க இடமிருந்தது.

பொதுத் தேவைக்கென எடுத்த காணி தனியார் கைக்குப் போன கதை நமக்கும் புதிதன்று. பத்தரமுல்லையிலே 1980களில் பொதுத் தேவைக்கென எடுக்கப்பட்ட காணி பின்னர் கொல்வ் விளையாட்டு மைதானம் அமைப்பதற்குத் தனியாருக்குக் கைமாறியது. 2008ஆம் ஆண்டு ஒக்டோபரிலே உயர் நீதிமன்றம் அக்கைமாற்றத்தைச் செல்லாதாக்கி, முன்னாள் சனாதிபதி ஒருவர் 30 இலட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்றும் கட்டளையிட்டது. கீரைத் தோட்டம் கேட்ட மன்னனை எந்த மன்றமும் கேள்வி கேட்கவில்லை. கொல்வ் மைதானம் கொடுத்தவரை ஒரு மன்றம் கேட்டது.

இவற்றுக்கிடையே, 2000ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கையிலே வெளியான இன்னொரு தீர்ப்பைக் குறிப்பிடாமல் விட முடியாது. இதுவும் நீதியரசர் மார்க் பெர்னாண்டோ அவர்கள் எழுதியதே. பல ஆண்டுகளாக அறிவித்தல்களிலே பொதுத் தேவை என்ற இரண்டு சொற்கள் மாத்திரம் இருக்கும். பாடசாலையா, வீதியா, சந்தையா என்று சொல்வதில்லை. அவ்வாறிருந்தால் காணிக்காரன் எதை ஆட்சேபிப்பான்? பாடசாலைக்கு என்றால், அதோ அரசாங்கத்தின் வெறுங்காணி கிடக்கிறதே, அதை எடுக்கலாமே என்பான். வீதிக்கு என்றால், இன்னும் நான்கு முழம் கிழக்கே தள்ளினால் கிணறு தப்புமே என்பான். தேவை இன்னதென்று தெரியாதவனுக்கு ஆட்சேபிக்கும் உரிமை கொடுப்பது, கண்ணைக் கட்டிவிட்டுக் குறிபார் என்பது போலாகும். ஆகையால் 2ஆம், 4ஆம் பிரிவு அறிவித்தல்களிலே பொதுத் தேவை இன்னதென்று வெளிப்படையாகக் கூறுதல் வேண்டும் என்று நீதிமன்றம் தீர்த்தது. அவ்வழக்கு சட்டத்தின் முன் யாவரும் சமம் என்ற அடிப்படை உரிமையின் பேரிலே தொடுக்கப்பட்டது. சொத்துரிமை இல்லாத இடத்தில் சமத்துவ உரிமை அதன் வேலையைச் செய்தது. சந்தை விலை பற்றிய எந்தத் தீர்ப்பிலும் பார்க்க இத்தீர்ப்பு எளிய காணிக்காரனுக்கு அதிகம் செய்தது என்று நான் எண்ணுகிறேன்.

ஆயினும் அறிவித்தல் என்ற ஏற்பாடு முழுவதும் ஒரு நம்பிக்கையின்மேல் நிற்கிறது. காணிக்காரன் காணியிலே இருக்கிறான், அல்லது அருகே எங்கோ இருக்கிறான். வேலியிலே ஒட்டினால் காண்பான். அவன் காணாவிடினும் அயலவன் கண்டு சொல்வான் என்பதே அந்நம்பிக்கை. முன்னாளிலே விதானையார், பின்னாளிலே கிராம சேவகர், அவரிடம் கேட்டால் இன்னார் வளவு என்று தெரிந்துவிடும். ஊரே பெயர்ந்துபோன இடத்தில் இந்நம்பிக்கை எவ்வாறு பொருந்தும்?

வலிகாமம் வடக்கிலே 1990ஆம் ஆண்டுப் போரினால் மக்கள் பெயர்ந்தனர். பலாலி, காங்கேசன்துறைப் பகுதிகள் உயர் பாதுகாப்பு வலயமாயின. 2013ஆம் ஆண்டு ஏப்பிரலிலே அங்கு 6,300க்கு மேற்பட்ட ஏக்கர் காணியைப் பாதுகாப்புத் தேவைக்கென எடுப்பதற்கு 2ஆம் பிரிவு அறிவித்தல் இடப்பட்டது. சட்டம் கேட்டபடி அறிவித்தல் இருந்தது, தேவையும் சொல்லப்பட்டது. காணிக்காரரோ நலன்புரி நிலையங்களிலும் உறவினர் வீடுகளிலும் கடல் கடந்த தேசங்களிலும் இருந்தனர். வேலியும் இல்லை, அயலவனும் இல்லை. 1897இலே படிக்கத் தெரியாதவனுக்குப் பத்திரிகையிலே சொல்லியதற்கும், இங்கே அவ்விடத்திலில்லாதவனுக்கு அவ்விடத்தில் சொல்லியதற்கும் உள்ள ஒற்றுமை யாருக்கும் புலப்படும். வேறுபாடும் ஒன்று உண்டு. சேனைக்காரனுக்குக் கிடைக்காத வழி இவர்களுக்குக் கிடைத்தது: ஆயிரத்துக்கு மேற்பட்ட உடையவர்கள் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குச் சென்றனர். 2015ஆம் ஆண்டு முதல் அப்பகுதியிலே காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. விடுவித்தவை உண்டு, விடுவிக்காதவற்றுக்காக மக்கள் அதன்பின்னும் காத்திருந்தனர்.

இல்லாத காணிக்காரனைப் பற்றிச் சட்டம் ஒருமுறையேனும் நேரடியாகப் பேசியிருக்கிறது. அஃது அரசு எடுப்பதைப் பற்றியதன்று. தனியார் பிடித்திருப்பதைப் பற்றியது. 1871ஆம் ஆண்டு ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, பிறன் காணியைத் தடையின்றி 10 ஆண்டு தனதெனக் கொண்டு ஆண்டவன் அதற்கு உரித்தாளியாகலாம். ஓடிப்போனவன் காணியிலே ஒருவன் குந்தி 20 ஆண்டு இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி போரின் பின் எழுந்தது. 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சிறப்பேற்பாட்டுச் சட்டம், 1983 மே 1ஆம் தேதி முதல் 2009 மே 18ஆம் தேதி வரையான காலத்தை, ஆயுதக் கலவரங்களினால் தன் உரிமையைக் கோர முடியாதிருந்த காணிக்காரனுக்கு எதிராகக் கணக்கிடலாகாது என்றது. அவ்வாறு வழக்கிட்டுத் தன் காணியைக் கேட்பதற்கு அவனுக்கு 2 ஆண்டு தவணை கொடுத்தது.